பத்தரை பன்னெண்டு

உக்காருங்க தம்பி. அந்த முனையில வேண்டாம், பெஞ்சுக் காலு ஆடும். காலையில ஒருத்தரு டீயோட கவுந்தாரு. நான் ஒன்பதரையில இருந்து இங்கனதான் கெடக்கேன், எனக்கு இந்தப் பெஞ்சு அத்துப்படி ஆயிட்டு. உங்க வாட்ச்சுல மணி என்ன? பத்தே முக்காலா? என்னுதுலயும் அதேதான். சரியாத்தான் ஓடுது.

எதுத்தாப்புல இருக்க கோர்ட்டுக்குத்தானே வந்தீய? நானும் அதுக்குத்தான். கேஸு எனக்கில்ல, நான் சாட்சி. நயினாருன்னு ஒருத்தரு. எங்க நகராட்சியில பம்ப் ஆபரேட்டரு, எங்க சங்கத்துக்குச் செயலாளரு. வேலையை விட்டு எடுத்து நாலு வருசம் ஆச்சு. இன்னைக்கு நான் உள்ள போயி உள்ளதைச் சொன்னா அவருக்கு வேலை திரும்பக் கெடைக்க வழி இருக்குன்னு வக்கீலம்மா சொல்லுதாவ. கெடைக்கும்னு அடிச்சுச் சொல்லல. ஆனா நான் சொல்லலேன்னா கெடைக்காதுன்னு அடிச்சுச் சொல்லுதாவ.

பொறவு ஏன் இங்கன உக்காந்து டீ குடிக்கீருன்னு பாக்கீய. பாருங்க, பாருங்க. காரணம் இல்லாமயா? சொல்லுதேன். நேரம் கெடக்கு.

உங்களுக்கு என்ன கேஸு? பஸ்ஸு டிரைவரா. மத்தியானம் ரெண்டரைக்குத்தான் கூப்பிடுவாவளா. அப்போ நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆளு ஆச்சு. ஸ்டிரைக் கேஸா? இல்லையா. ஆனாலும் பஸ்ஸு ஓட்டுதவருக்கு இந்தப் பதினாலு நாள் சமாச்சாரம் தெரிஞ்சிருக்கணுமே. தெரியாதா? சரியாப் போச்சு போங்க.

பஸ்ஸு, கரண்டு, தண்ணி, குப்பை, இதுல வேலை பாக்கவன் மத்தவன மாதிரி காலையில கோவப்பட்டு மத்தியானம் வேலையை நிறுத்தீர முடியாது தம்பி. முன்னாலயே எழுதிக் குடுக்கணும். இன்ன தேதியில நிறுத்தப் போறோம்னு. குடுத்த நாளைத் தள்ளிட்டு முழுசாப் பதினாலு நாளு கழியணும். நடுவுல அதிகாரி பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டா அது முடியுத வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும், முடிஞ்சும் ஒரு வாரம் பொறுக்கணும். இதுல ஒரு நாளு குறைஞ்சாலும் சட்டவிரோதம். கேட்டா, நீங்கள்லாம் அத்தியாவசியம்ங்கான். ஊருக்கு நாங்க அத்தியாவசியம். எங்களுக்கு என்ன அத்தியாவசியம்னு எந்தப் பயலாவது ஒரு நாளாவது கேட்டிருக்கானா?

எங்களுக்கு என்ன வேணும்? ஒரு முகமூடி. அவ்வளவுதான் தம்பி. ஆத்துல உறைகிணறு, கரையில பம்ப் ஹவுசு, அதை ஒட்டி குளோரின் சிலிண்டர் வச்சிருக்க ரூமு. ஷிப்டுக்கு ஒரே ஆளு. சிலிண்டர் கசிஞ்சா அந்த ஒத்தை ஆளுதான் உள்ள போயி அடைக்கணும். முகமூடின்னு ஒண்ணு ஆணியில தொங்கும், சவம் அதை மாட்டிக்கிட்டுப் போறதுக்கு மாட்டாமப் போகலாம். சேவியருன்னு ஒரு ஆபரேட்டரு, ஈரத்துண்டை மூஞ்சியில கட்டிக்கிட்டு உள்ள போனான். வால்வை மூடிட்டான். மூடிட்டு வெளிய வந்து வாசல்ல விழுந்தான். இன்னைக்கும் நாலு படி ஏறினா அஞ்சாவது படியில உக்காந்திருவான். எங்கூட வேலைக்குச் சேந்தவன். என்ன வயசு? என்னைய விட மூணு வயசு இளையவன்.

அதுக்குத்தான் ஸ்டிரைக்கு. ஒழுங்கான முகமூடி குடு, ஷிப்டுக்கு ரெண்டு ஆளு போடு. மூணு தடவை எழுதிப் பாத்தோம், ஒரு பதிலும் இல்ல.

போனு அதிருதுங்கீயளா? தெரியும், விடுங்க. வக்கீலம்மாதான். எடுத்தா உடனே உள்ள வாங்கம்பாவ. எடுக்கலேன்னா வந்துக்கிட்டு இருக்காரு, பஸ்ஸுல காதுல விழலைன்னு நெனைச்சிக்கிடுவாவ. ரெண்டுல எது நல்லது? அதான்.

நயினாரு இருக்காரே, மனுசன் கெட்டிக்காரரு. அதை நான் எங்கயும் சொல்லுவேன். சாமி கெடையாது, பூதம் கெடையாது, கோயில் வாசல்ல கூட செருப்போட நிப்பாரு. ஆனா சட்டம்னா மனப்பாடம். சங்க ஆபீசுல சொவத்துல தொங்குன தினசரி காலண்டரைக் கையில எடுத்து வச்சிக்கிட்டு ஒவ்வொரு தாளாப் புரட்டி எண்ணுனாரு. திங்கக்கிழமை கடுதாசி குடுக்கோம். செவ்வாய் ஒண்ணு, புதன் ரெண்டுன்னு எண்ணி, ரெண்டு வாரம் கழிச்சு வார திங்களோட பதினாலு. செவ்வாய்க்கிழமை காலையில ஆறு மணி ஷிப்டுல மோட்டாரை நிறுத்துதோம். பேச்சுவார்த்தைக்கு இன்ன நாளு, அது முடிஞ்சு ஒரு வாரம் இன்ன நாளு, எல்லாம் விரல் விட்டு எண்ணி வச்சிருந்தாரு. 'அண்ணாச்சி, சட்டம் நமக்கு விட்டிருக்கது இத்தணூண்டு இடம். நாளை எண்ணித்தான் அதுல காலை வைக்கணும்'னாரு. போஸ்டரும் அடிச்சாச்சு, தேதி போட்டு.

அவரு புரட்டுத அதே தாளைத்தான் நானும் பாக்கேன். அவரு மேல இருக்க பெரிய எழுத்தைப் பாக்காரு. நான் கீழ இருக்க சின்ன எழுத்தைப் பாக்கேன். திங்கக்கிழமை அஷ்டமி. செவ்வாய்க்கிழமை நவமி. ரெண்டும் ஆகாத நாளு.

சொல்லியிருக்கலாமேங்கீயளா? யாருகிட்ட, நயினாருகிட்டயா? பத்துப் பேரு முன்னால வச்சு என்னையக் கேலி பண்ணுவாரு. முன்னால ஒரு தடவை மோட்டாருக்குப் பேரிங் மாத்தையில எமகண்டம் கழியட்டும்னு சொல்லிட்டேன். ஒரு மாசம் எனக்கு ஜோசியர் சொள்ளமுத்துன்னே பேரு. அதான் வாயைத் தொறக்கல.

சனிக்கிழமை சாயந்தரம் கடுதாசியில கையெழுத்துப் போட்டு எங்கிட்டதான் குடுத்தாரு. நான் துணைச் செயலாளரு. நகராட்சி ஆபீசுக்குப் பின்னால தெருவுல வீடு. திங்கக்கிழமை ஆபீசு தெறந்த ஒடனே குடுத்து, நகல்ல சீலு வாங்கிருங்கன்னாரு. சரின்னேன். வீட்டுக்குக் கொண்டு போயி சாமி படத்துக்குக் கீழ வச்சேன். நாலு மூலையிலயும் மஞ்சள் தடவுனேன். ஏன் சிரிக்கீய? கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கோம், புதுத் துணிக்கு வைக்கோம். முப்பத்தேழு குடும்பத்துக் கஞ்சி அந்தக் கடுதாசியில இருக்கு, அதுக்கு வைக்கக் கூடாதா?

திங்கக்கிழமை மத்தியானம் நயினாரு டூட்டியில இருந்து போன் பண்ணுனாரு. 'அண்ணாச்சி, குடுத்தாச்சா?' நான், 'அது ஆச்சு'ன்னேன். பொய்யில்ல தம்பி. ஆகப் போறதுதானே. புதன்கிழமை தசமி, பத்து மணிக்கு ஆபீசு தெறக்கும், பத்தேகால் வரைக்கும் நல்ல நேரம். அந்தக் கால் மணிக்குள்ள கொண்டு போயி குடுத்தேன் பாருங்க, அப்படி ஒரு நிம்மதி. பச்சை மையில சீலு போட்டுக் குடுத்தா தபால் பிரிவு கிளார்க்கம்மா. தேதியைப் பாத்தேன். தாயி, ரெண்டு நாளு முன்னால போட்டுக் குடுத்துருவியான்னு கேட்டேன். முடியாதுன்னுட்டா. நேர்மைக்காரி. அவ மட்டும் அன்னைக்குப் பேனாவை ரெண்டு கோடு நவுத்தி இருந்தா, நயினாரு இன்னைக்கு இந்தக் கோர்ட்டு வாசல்ல ஏன் நிக்காரு? சில பேருக்கு அடுத்தவங்க கஷ்டமே தெரியாது.

மணி பதினொண்ணு ஆயிருக்குமே. பதினொண்ணு அஞ்சா. ம்.

நகலைக் கொண்டு வந்து பீரோவுல வச்சேன். நயினாரு கேக்கல, நானும் குடுக்கல. பேச்சுவார்த்தைக்கு ரெண்டு தடவை கூப்பிட்டாவ. நகராட்சியில இருந்து ஒரு சின்ன ஆபீசரு வந்து நிதி இல்லன்னுட்டுப் போனாரு. அதோட அதுவும் அஞ்சே நாளுல முடிஞ்சுது. அந்த ரெண்டு வாரமும் எனக்குச் சரியாத் தூக்கம் கெடையாது. சாப்பிட உக்காந்தா சாதம் எறங்காது. என்னமோ கோளாறு, வயித்துக் கோளாறுன்னு நெனைச்சேன். எங்க வீட்டுல ஓம வாட்டர் குடுத்தா.

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு நயினாரு சுவிட்சை எறக்குனாரு. பெரியாஸ்பத்திரிக்குப் போற லைனுக்கு மட்டும் ஒரு மோட்டாரு ஓடட்டும்னு விட்டாரு. மத்ததெல்லாம் நின்னு போச்சு. முப்பது வருசமா அந்தச் சத்தத்துக்குள்ளயே இருந்தவன் தம்பி நான். அது நின்னதும் ஆத்துத் தண்ணி ஓடுத சத்தம் கேட்டுது. சேவியரை அவன் பொண்டாட்டி கைதாங்கலாப் பிடிச்சுக் கூட்டியாந்தா, ஒரு கல்லுல உக்காத்தி வச்சோம். எல்லார் மூஞ்சிலயும் ஒரு தெம்பு. நயினாரு என் தோள்ல கையைப் போட்டாரு. அன்னைக்கு ஒரு நாளு, அஞ்சு மணி நேரம், அவ்வளவுதான் எங்க ஸ்டிரைக்கு.

பதினோரு மணிக்கு கமிஷனரு ஜீப்பு வந்துட்டு. கையில ஒரு தாளு. 'பதினாலு நாளு ஆகலை, பன்னெண்டுதான் ஆயிருக்கு. இது சட்டவிரோதம்'னாரு. நயினாரு சிரிச்சாரு. 'எண்ணிப் பாருங்க சார்'ன்னாரு. எங்கிட்ட திரும்பி, 'அண்ணாச்சி, நகலைக் கொண்டாங்க'ன்னாரு. நான் சைக்கிளை மிதிச்சு வீட்டுக்குப் போயி எடுத்துக்கிட்டு வந்தேன். திரும்பி வார வழி பூரா நான் முருகனைக் கூப்பிட்டேன். மனுசன் வேற யாரைக் கூப்பிடுவான்?

வாங்கிப் பாத்தாரு. பச்சைச் சீலைப் பாத்தாரு. பொறவு என்னையப் பாத்தாரு. நாலா மடிச்சு சட்டைப் பையில வச்சாரு. மோட்டாரைப் போடுங்கடேன்னுட்டாரு. அவரே போயி சுவிட்சைத் தூக்கி விட்டாரு. சேவியரு அந்தக் கல்லுல இருந்து எந்திரிக்கவே இல்ல.

விசாரணை வச்சாவ. நோட்டீசைத் தாமதமாக் குடுத்தது யாருன்னு கேள்வி. நயினாரு எந்திரிச்சு, 'நான்தான். கையெழுத்து என்னது, தாமதமும் என்னது'ன்னுட்டாரு. நானும் அங்கனதான் இருந்தேன், மூணாவது நாற்காலியில. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன், அவருக்கு எல்லாத்துலயும் தலைவரா இருக்கணும் தம்பி. பழியா இருந்தாலும் அது அவரு பேருலதான் இருக்கணும். அப்படி ஒரு குணம். வேணும்னே பதினாலு நாளைக் கழிக்காம தொழிலாளிகளைத் தூண்டி விட்டாருன்னு எழுதி வேலையை விட்டு எடுத்துட்டாவ. எங்க முப்பத்தாறு பேருக்கும் ஒரு இன்கிரிமெண்ட் வெட்டு. எனக்கும்தான் வெட்டு. அதை இன்னைக்கு வரைக்கும் யாரும் கேக்கல பாருங்க. நயினாரு, நயினாருன்னுதான் பேச்சு.

அந்த விசாரணை நடந்த மறுவாரம்தான் எம்பொண்ணு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுல என் சர்வீசைப் பாத்துத்தான் சரின்னு சொல்லியிருந்தாவ. நயினாருக்கு அதெல்லாம் தெரியும். கல்யாணத்துக்கு வந்தாரு. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு பந்தியில தண்ணி ஊத்துனாரு, நாலு பந்திக்கும். சாப்பிட்டுட்டுப் போம் ஓய்னு மூணு தடவை கூப்பிட்டேன். சாப்பிடாமப் போயிட்டாரு. எனக்கு மனசு எப்படி இருந்திருக்கும்? ஒரு கல்யாண வீட்டுல கை நனைக்காமப் போறது என்ன மரியாதை? அதை நான் மறக்கவே இல்ல.

நான் ஒண்ணு சொல்லுதேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. அஷ்டமியில அந்தக் கடுதாசியைக் குடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்? முப்பத்தேழு பேருக்கும் வேலை போயிருக்கும். புதன்கிழமை குடுத்ததுனால ஒருத்தரோட போச்சு. இதை நான் யாருகிட்டயும் சொல்லிக்கிடல. சொன்னா பெருமைன்னுவாவ.

டீ ஆறுது, குடிங்க.

இப்போ நயினாரு வீடு வீடாப் போயி மோட்டாரு ரிப்பேரு பாக்காரு. அவரு பொண்டாட்டி உலகம்மா பீடி சுத்துதா. எங்கயாவது தெருவுல எதிர்ப்பட்டா அவரே வண்டியை நிறுத்தி, பேத்தி எப்படி இருக்கான்னு கேப்பாரு. அதுதான் எனக்கு எரிச்சலா வரும். ரெண்டு வார்த்தை ஏசிட்டுப் போனா மனுசனுக்கு ஆறிரும். ஏச மாட்டாரு.

போன வருசம் ஒரு நாளு காலையில உலகம்மா வாசல்ல வந்து நிக்கா. உள்ள வாம்மான்னேன். வரல. 'அண்ணாச்சி, நேத்து கோர்ட்டுல அந்த ஒரிஜினல் கடுதாசியைக் காட்டுனாவ. நாலு மூலையிலயும் மஞ்சள் இருக்கு. எங்க வீட்டுல யாரு மஞ்சள் தடவுவா?'ன்னா. அவ்வளவுதான் கேட்டா. எங்க வீட்டுக்காரி பின்னால நிக்கா, அவ மூஞ்சியைப் பாத்தே உலகம்மாவுக்கு எல்லாம் வெளங்கிப் போச்சு. 'நீங்க ரிட்டயர்டு ஆயாச்சு. பிள்ளைக்குக் கல்யாணமும் ஆயாச்சு. இனி உங்களை யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. ஒரு நாளு வந்து உள்ளதைச் சொல்லிருங்க. அந்த மனுசன் சாகுத வரைக்கும் சொல்ல மாட்டாரு'ன்னா.

வாரேன்னேன். சத்தியமா மனசோடதான் சொன்னேன் தம்பி. இப்பவும் அதே மனசுதான். கடுதாசி ரெண்டு நாளு எங்க வீட்டுலதான் இருந்துது, நயினாருக்குத் தெரியாது, குடுத்தாச்சுன்னு நம்பித்தான் மோட்டாரை நிறுத்துனாருன்னு சொல்லணும். அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. மூணு வரி. கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்திருக்கேன்.

மொதத் தடவை கூப்பிட்டப்போ வர முடியல. அன்னைக்கு எனக்கு சந்திராஷ்டமம். வாயைத் தொறந்தா வம்பாப் போற நாளு. சாட்சி சொல்லப் போயி எக்குத்தப்பா எதையாவது உளறி நயினாருக்கே பாதகமா முடிஞ்சிட்டுன்னா? ரெண்டாவது தடவை கரிநாளு. காய்ச்சல்னு சொல்லச் சொல்லிட்டேன். அவரு நல்லதுக்குத்தான். ஜட்ஜய்யா போன தடவை வக்கீலம்மாகிட்ட சொல்லிட்டாராம், இன்னைக்கு ஒரு நாளுதான், சாட்சி வரலேன்னா முடிச்சு எழுதிருவேன்னு.

அதனால இன்னைக்கு விட்ருவனா? மொதப் பஸ்ஸுக்கே கெளம்பிட்டேன். வெள்ளிக்கிழமை மேற்க சூலம். எங்க ஊருல இருந்து இது மேற்க. வெல்லம் ஒரு துண்டு வாயில போட்டுக்கிட்டுத்தான் வாசப்படி எறங்குனேன். ஒன்பதரைக்கு இங்க வந்துட்டேன். ரெண்டு இட்லி தின்னேன். பத்து இருபத்தஞ்சுக்கு எந்திரிச்சேன். பத்தரைக்குள்ள உள்ள போயி உக்காந்துட்டாப் போதும், அப்புறம் கூப்பிடுத நேரத்துக்குக் கூப்பிடட்டும், உள்ள நொழைஞ்ச நேரம்தானே கணக்கு. இந்தா, இந்த ரோட்டு ஓரத்துக்கு வந்துட்டேன், எண்ணி இருவது அடி இருக்குமா? கேட்டுக்குள்ள இருந்து ஒரு அம்மா வாரா. இடுப்புல வெறுங்குடம். கோர்ட்டுக் குழாயில தண்ணி வரலையாம், இந்தக் கடையில பிடிக்க வாரா.

நீங்களா இருந்தா போவீயளா? வெறுங்குடம் தம்பி. நேரா மூஞ்சிக்கு எதிர்ல. திரும்பி வந்து உக்காந்து ஒரு மடக்குத் தண்ணி குடிச்சிட்டு, மறுபடி எந்திரிக்கணும், அதான் முறை. குடிச்சேன். எந்திரிச்சேன். மணியைப் பாத்தா பத்து முப்பத்தி ஒண்ணு. வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு ராகு காலம். ஒரு நிமிசம். ஒத்தை நிமிசத்துல போச்சு. அந்தக் கொடத்துல தண்ணி மட்டும் இருந்திருந்தா நான் இந்நேரம் சாட்சி சொல்லி முடிச்சு வடை தின்னுக்கிட்டு இருப்பேன். ஊருக்கெல்லாம் முப்பது வருசம் தண்ணி விட்டவன், எனக்கு எதுக்க ஒரு கொடம் தண்ணியோட வர நாதி இல்ல.

அதான் உக்காந்திருக்கேன். பன்னெண்டு அடிச்ச ஒடனே போயிருவேன். கோர்ட்டுல என்ன, கூப்பிட்ட ஒடனேயா எல்லாம் நடக்கு? பேரைக் கூப்பிடுவாவ, தள்ளி வைப்பாவ, மறுபடி கூப்பிடுவாவ. உங்களுக்குத் தெரியாதா? நீங்க போயிப் பாத்துட்டு வாரேங்கீயளா? வேண்டாம், வேண்டாம். நீங்க போயி நான் இங்க இருக்கேன்னு சொல்லிட்டா இழுத்துட்டுப் போயிருவாவ. இம்புட்டு நாளு காத்தாச்சு, இன்னும் அரை மணி நேரத்துல என்ன குடிமுழுகிப் போகுது.

எனக்கு மட்டும் ஆசையா என்ன இங்கன உக்காந்திருக்க? அந்த மனுசனுக்கு வேலை வாங்கிக் குடுக்காம நான் கட்டையில போனா எனக்கு வேகாது தம்பி. அதனாலதான் சொல்லுதேன், சொல்லுத வார்த்தை பலிக்கணும். கெட்ட நேரத்துல சொல்லி அது பலிக்காமப் போனா நாலாவது தடவை சொல்லவா விடுவாவ?

மணி என்ன? பதினொண்ணு அம்பதா. பாத்தீயளா, ஓடியே போச்சு. பத்து நிமிசம். சட்டையை ஒழுங்கு பண்ணிக்கிடுதேன். இந்தத் துண்டை இப்படிப் போடவா, மடிச்சுக் கையில வச்சிக்கிடவா?

அந்தா, கேட்டுல யாரு? கறுப்புக் கோட்டு. வக்கீலம்மாதான். கூட உலகம்மா. நயினாரும் வாராரே. எதுக்கு மூணு பேரும் வெளிய வாராவ? டீ குடிக்க விட்டிருப்பாவ. இல்ல, என்னையத் தேடி வந்திருப்பாவ. வக்கீலம்மா ஏன் அந்தப் பக்கமாப் போறாவ, காரு அங்கன நிக்கோ. உலகம்மா என்ன, அந்தச் சொவத்துல சாஞ்சு உக்காந்துட்டா. வெயிலு.

நயினாரு இங்க வாராரு. ஒதுங்கிக்கிடுங்க தம்பி, எடம் விடுங்க.

வாரும் ஓய் நயினாரு. வாரும். நான் ஒன்பதரைக்கே வந்துட்டேன், இந்தத் தம்பியைக் கேளும். இந்தா எட்டு நிமிசம்தான், வந்துக்கிட்டே இருக்கேன். என்ன? ... ஆங், சாப்பிட்டேன். ரெண்டு இட்லி சாப்பிட்டேன். நீரு? ... சரி. ... என்ன சொல்லுதீரு? எப்போ? பதினோரு மணிக்கேயா? மூணு தடவையா கூப்பிட்டாவ? மைக்குல கூப்பிடக் கூடாதா, நான் இந்தா ரோட்டுக்கு இந்தப் பக்கம்தானே. ... முடிச்சு எழுதிட்டாவன்னா? எழுதுனதை அழிச்சு எழுதட்டும். நான் வந்துட்டேன்லா.

ஓய், எங்க போறீரு? எதுக்குத் தண்ணி? யாருக்கு? ... உலகம்மாவுக்கா. கொண்டு போம், கொண்டு போம். செம்போட கொண்டு போம்.

கேட்டீயளா தம்பி, போறவரு என்ன சொன்னாரு? 'மெதுவா வாங்க அண்ணாச்சி, வெயில் தாழ ஊருக்குப் போவோம். ஒரே பஸ்ஸுதான்'னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. ஏசலை. இன்னைக்கும் ஏசலை. அந்தக் கல்யாணப் பந்தியில ஊத்துன மாதிரியே குனிஞ்சு ஊத்துதாரு பாருங்க அவளுக்கு. அவ குடிக்க மாட்டேங்கா.

நீங்க எந்திரிக்காதீய. உக்காருங்க. ஒரு ஒத்தாசை செய்யணும். எங்கூட உள்ள வாங்க. ஜட்ஜய்யாகிட்ட ஒரு வார்த்தை நீங்க சொன்னாப் போதும். இவரு காலையில இருந்து இங்கனதான் இருந்தாரு, நான் பாத்தேன், ஓடி ஒளியலைன்னு. நான் சொன்னா நம்ப மாட்டாவ, நீங்க வெளியாளு, உங்களை நம்புவாவ. இருந்தேனா இல்லையா? நீங்க பாத்தீயளா இல்லையா? அதைச் சொல்ல என்ன தம்பி கஷ்டம்? ரெண்டு நிமிசம்.

எங்க போறீய? உங்க கேஸு ரெண்டரைக்குத்தானே. பையை ஏன் எடுக்கீய? சொன்னாக் கேளுங்க, மணி பன்னெண்டு அடிச்சிட்டு. இப்பதான் தம்பி நல்ல நேரம்.